வீட்டில் பிரெஞ்சு பேசிய நாட்கள்

12 ஜனவரி, ஞாயிறு

கிருஷிகனுக்குத் திக்கல் கூடிவிட்டது. நாலு வயதுப் பிள்ளை, "அம்மா" என்பதிலேயே மாட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுகிறான். தகப்பன் வழக்கம்போல முந்திக்கொண்டு, "தண்ணியோ? பாணோ?" என்றார். அவனுக்கு வேண்டியது இரண்டும் இல்லை. பேசாமல் எழும்பிப் போய்விட்டான்.

மூத்தவளும் இதே வீட்டில்தானே வளர்ந்தாள்? இதே அவசரம், ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமைத்துக் களைத்து வந்து இவர் போடுகிற இதே கத்தல். அவளுக்கு வாய் ஓயாது. இவனோ பாண் துண்டைக் குறுக்கே வெட்டினாலே அழுகிறவன். சுபாவமா, வீடா? என்னைப்போல் தொட்டாற்சுருங்கியாகப் பிறந்துவிட்டானோ?

15 ஜனவரி

சென் தெனியிலிருந்து லா சப்பல் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் வாங்க வந்த கோசலை மச்சாள் எங்கள் வீட்டுக்கும் வந்தா. "ரெண்டு பாஷையாலைதான் பிள்ளை குழம்புது. தமிழை நிப்பாட்டுங்கோ" என்றா. இவர் உடனே ஓம் என்று தலையாட்டினார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

19 ஜனவரி

நாள் முழுக்க பிரெஞ்சு. குளி, சாப்பிடு, படு. அதற்கு மேல் எனக்கு வாயில் வருவதில்லை. மூத்தவள் சிரிக்கிறாள்.

2 பெப்ரவரி

திக்கல் குறைந்துவிட்டது! குறைந்தது திக்கலா — பேச்சா?

5 பெப்ரவரி

குளிக்க வார்க்கும்போது தமிழில் கேட்டான். "அம்மா, நீங்கள் என்னோடை கோ... கோ... கோவமோ?"

நாங்கள் பிரெஞ்சு பேசுவது அரசாங்கக் கந்தோர்க்காரரோடும் வீட்டுச் சொந்தக்காரனோடும்தான். அதுவும் முகத்தை இறுக்கிக்கொண்டு. பிள்ளை வேறென்ன நினைக்கும்? இல்லையடா ராசா, இல்லை. துவாயோடு அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

12 பெப்ரவரி

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆன்-சோஃபியிடம் போனோம். இரண்டு மொழியால் திக்கல் வருவதில்லையாம். வீட்டாலும் இல்லையாம். ஆனால் சட்டென்று மனம் நோகிற பிள்ளைக்குத் திக்கும்போது கூடுதலாக நோகலாமாம். அவசரப்படுத்தாமல், சொல்லை எடுத்துக் கொடுக்காமல் கேட்கட்டாம். நின்றுவிடுமா என்று கேட்டேன். இப்போது சொல்லமுடியாதாம்.

வெளியே வந்ததும் இவர், "எங்களிலை பிழையில்லையெண்டால் நாங்கள் ஏன் மாறவேணும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் தமிழிலேயே கூப்பிட்டேன்.

20 பெப்ரவரி

இன்றும் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் வாயை என்ன செய்ய?

16 மார்ச், ஞாயிறு

திக்கல் நிற்கவில்லை. சில நாள் கூட, சில நாள் குறைய. ஏனென்று இன்னும் தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டில் பள்ளிக்கூடத்து முயல் கூட்டைவிட்டு ஓடிய கதையைத் தமிழில் தொடங்கினான். பாதியில் மாட்டுப்பட்டான். இவர் வாயைத் திறந்தார். கிருஷிகன் கையைத் தூக்கி மறித்தான்.

"பொறுங்கோ அப்பா. நான் இன்னும் மு... மு... முடிக்கேல்லை."

இவர் பிசைந்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். கதை முடிய நல்ல நேரம் எடுத்தது. ஒருவரும் சாப்பிடவில்லை.