நாலு மணிக்கு வேலி தாண்டிய நிழல்

மச்சாள்,

போன கிழமை வெயில்காலத்துக் கச்சான் காற்று எழும்பியது. அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருந்த முக்கோணத் துணியை இறக்கி உதறினேன். பழைய வெயிலும் நைலோன் கயிறும் கலந்த அந்த மணம் வந்ததும் என் கண் தானாக வேலிக்கு அப்பால், உன் வளவுக்குப் போனது. நீ பார்க்கிறாயா என்று பார்க்கத்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் வெயில்காலம் இது. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

உன்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். மாமி மகளாய்ப் பிறந்து, அடுத்த வளவிலேயே குடியும் இருந்தால் வேறு என்ன வரும்? நான் வைத்த அந்தூரியம் வெறும் இலையோடு நிற்கும். அதில் ஒரு பக்கக் கன்றை நீ கொண்டுபோய் வைத்தால் சிவப்புச் சிவப்பாய்ப் பூத்துத் தள்ளும். என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆட்கள் உன் பூவைப் பார்க்க எழும்பிப் போவார்கள். வயிறு எரியாதா?

அந்த எரிச்சலில்தான் காத்தான்குடிக் கடைக்குப் போய், என் பூச்சாடிகளுக்கு நிழல் கட்ட இந்தத் துணியை வாங்கினேன். மூன்று மூலையிலும் வளையம் வைத்து, காற்றுப் போகிற மாதிரி நெய்தது. தோணிக்குக் கட்டும் பாய் போல இருக்கும். வாவிப் பக்கத் தென்னையிலும் இரண்டு இரும்புக் குழாயிலும், ஏணி எட்டும் மட்டும் உயர்த்திக் கட்டுவித்தேன். அவ்வளவு உயரம் என்னத்துக்கு? உன் குசினி யன்னலில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும், அதுக்குத்தான்.

மத்தியானம் முழுக்க நிழல் என் பூச்சாடிகளின் மேல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மணிக்கு நிழலில் இருக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தால், வெயில் மேற்கே வாவிப் பக்கம் சாய்ந்து, துணிக்குக் கீழாலே புகுந்து என் முகத்தில் அடிக்கிறது. நிழல் எங்கே? கம்பி வேலியைத் தாண்டி உன் வளவில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது.

நீ வந்து பார்த்தாய். சிரிக்காமல்தான் சொன்னாய்.

"இவ்வளவு உயரம் வேணாம்கா. கீழ இறக்கிப் பதிச்சுக் கட்டு. மேற்கு மூலைய இன்னும் பதிச்சா நிழல் உன்ர வளவுக்குள்ளயே நிக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"சரிகா. அப்ப நான் போய்க் கதிரைய எடுத்திட்டு வாறன்."

எடுத்தும் வந்தாய். பிறகு அந்தூரியச் சாடியையும் அங்கேயே நகர்த்தினாய். என் நிழலில் அது இன்னும் பூத்தது. கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரும் தன் கதிரையோடு வேலிக் கடப்பால் நுழைந்து உன் பக்கம் வந்துவிட்டார். "இஞ்சால நல்ல குளிர்" என்று என்னிடமே சொன்னார். நான் வெயிலில் நின்று, "அது என்ர நிழல், மச்சாள்" என்று கத்துவேன்.

"ஓம்கா, உன்ர நிழல்தான். வந்து இரன்" என்பாய்.

பிறகென்ன, வருவேன். இருட்டும் மட்டும் ஊர்க்கதை கதைப்போம். கயிற்றைப் பதித்துக் கட்ட எத்தனையோ தரம் நினைத்தேன். பதித்தால் நீ வீட்டுக்குள் போய்விடுவாய். வருசா வருசம் உயரத்திலேயே கட்டினேன். ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த முறையும் அப்படியே கட்டினோம். நாலு மணிக்கு நிழல் வேலி தாண்டிப் போய், ஆளில்லாத உன் இடத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு வெயிலிலேயே இருந்து அழுதேன்.

நேற்று, உன் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, சரியாக அந்த இடத்தில் போட்டு அதில் இருந்தாள். உன் மகள் கனடாவில் இருந்தே பேசிக் குடிவைத்த ஆள். காலுக்கு மேல் கால், கையில் போன்.

"அன்ரி, உங்கட நிழல்ல இருக்கன். குறை நினைக்காதீங்க" என்றாள்.

நல்ல பிள்ளை. மரியாதை தெரிந்த பிள்ளை. எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது, மச்சாள். நீ அங்கே இருந்தபோதுகூட இப்படி எரிந்ததில்லை. யாரைக் கேட்டு அங்கே இருக்கிறாள்?

இன்று காலை அவரை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன்.

"இத்தனை வருசம் அவ சொல்லியும் கேக்கல்ல. இப்ப என்ன வந்தது?" என்றார்.

"பேசாமப் புடிங்க" என்றேன். மூன்று மூலையையும் பதித்தேன். மேற்கு மூலையைத் தலை தட்டும் அளவுக்கு இறக்கினேன். அவள் வேலைக்குப் போன பிறகு, கடப்பால் போய் உன் அந்தூரியச் சாடியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அதற்குத் தண்ணீர் ஊற்றுவது நான்தான்.

நாலு மணிக்கு நிழல் எங்கள் வளவுக்குள்ளேயே நின்றது, நீ சொன்ன மாதிரியே. அவள் கதிரையோடு வந்து, வெயிலில் நின்று முழித்தாள்.

"அன்ரி, உங்கட நிழல் எங்க?"

"அது என்ர இல்ல, பிள்ளை. மச்சாள்ற நிழல்" என்றேன்.

உன் கதிரை இருந்த இடத்தில் இப்போது நல்ல வெயில். ஒருவரும் இருக்க முடியாது. எனக்கு இப்போதுதான் மனம் ஆறியது.