ஒரு சாண் வெளியே

1961 மே 12, வெள்ளி

விடிந்ததிலிருந்து மூட்டம். துவைத்துப் போட்ட போர்வைகள் மூன்று நாளாகக் காயவில்லை. மலைக்குச் சீசன் கூட்டம் வந்து ஹோட்டலில் ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது. பதினோராம் நம்பர் அம்மா போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல நாய் படுத்துச்சா?" என்றார். ஸ்டோர் சாவி என்னிடம் இருப்பதால் ஏச்சும் எனக்கே.

நாளை சீசன் கப் ஃபுட்பால் அரையிறுதி. எங்கள் ஹோட்டல் டீமுக்கும் தைலக்காட்டு டீமுக்கும். அவர்கள் யூகலிப்டஸ் இலை காய்ச்சுகிறவர்கள். வியர்த்தால் மைதானமே தைலம் மணக்கும்.

அதில் ஒருவன்தான் ஊர்ப் பேச்சு இப்போது. தில் பகதூர். இருபது வயது. ஆறு வயதில் அப்பாவோடு நேபாளத்திலிருந்து வந்தவன். அப்பா, பூட்டிக் கிடக்கும் ஒரு துரை பங்களாவுக்கு வாட்ச்மேன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது, கூர்க்கா பையன் என்றால்தான் தெரியும். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால். இரண்டு தைல மரங்களுக்கு நடுவே அடித்து அடித்துப் பழகிய இடது கால்.

மதுரை மில் ஒன்றிலிருந்து டீமுக்கு ஆள் பார்க்க ஒருவர் வருகிறாராம். எடுத்தால் மில்லிலேயே வேலை. எனக்கு முப்பத்தாறு. என்னைப் பார்க்க வரவில்லை.

முட்டிக்கு நல்லெண்ணெய். வீட்டுக்காரி ராசாத்திதான் தேய்த்துவிட்டாள். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

மே 13, சனி

கையெழுத்து கோணல். பந்து எடுக்கப் புதருக்குள் போய் இரண்டு கையிலும் செந்தட்டி இலை பட்டுவிட்டது. அரிப்பு நிற்கவில்லை.

அதை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது.

இந்த மைதானத்தில் ஒரு வழக்கம். மூட்டம் இறங்கினால் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் முடியாது. கோல் விழுந்ததா என்று ரெஃப்ரிக்குத் தெரியாவிட்டால் நேரே கீப்பரிடம் வந்து கேட்பார். கீப்பர் சொன்னதுதான் தீர்ப்பு. நான் பதினாலு வருடமாகக் கீப்பர். "உள்ளே" என்று நானே சொல்லி நாங்களே தோற்ற ஆட்டங்கள் உண்டு. "செல்லையா சொன்னா சரி" என்பார் டிரில் மாஸ்டர். அவர்தான் எப்போதும் ரெஃப்ரி.

இன்று கடைசி ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஏரிப் பக்கமிருந்து மூட்டம் வந்து மூடியது. எங்கள் டீமில் பேக் ஆடுகிற இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. வெறுங்கால் பந்தில் படுகிற சத்தம். வெள்ளைக்குள்ளிருந்து பந்து வந்தது. என் இடது போஸ்டுக்கு நன்றாக வெளியே போகிற பந்து. போகட்டும் என்று நின்றேன். கடைசியில் அது வளைந்தது. போஸ்டை ஒட்டி உள்ளே போய், வலையின் கிழிசல் வழியாகப் பின்னால் செந்தட்டிப் புதரில் விழுந்தது. பதினாலு வருடத்தில் அப்படி ஒரு பந்து பார்த்ததில்லை. நான் கையைக்கூடத் தூக்கவில்லை.

டிரில் மாஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "செல்லையா, உள்ளயா வெளியயா?"

"வெளிய, சார்."

வெளியே என்று நினைத்துத்தானே நின்றேன். முதலில் நினைத்ததையே வாய் சொல்லிவிட்டது. அடுத்த நொடி திருத்தியிருக்கலாம். ஏன் பாயவில்லை என்று பத்துப் பேர் கேட்பார்கள் என்று தோன்றியது. திருத்தவில்லை. இது பொய். வேறு பெயர் இல்லை.

டிரா. டாஸ் போட்டதில் ஃபைனல் எங்களுக்கு.

மில்லுக்காரர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, "மேகத்தப் பாக்கவா மதுரையிலருந்து வந்தேன்?" என்றார். பகதூரைக் காட்டி டிரில் மாஸ்டரிடம், "ஓட்டம் நல்லாருக்கு. ஷாட்டு ஒண்ணும் கண்ணுல படலயே. இருபத்தேழாந்தேதி சாயங்காலம் மில் கிரவுண்டுக்கு வரட்டும். அஞ்சு ஷாட்டு குடுப்போம், பாப்போம்."

கோல் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எடுத்திருப்பாரோ என்னவோ.

மே 14, ஞாயிறு

தூறல். சர்க்கரை மூட்டை நனைந்து அடியில் கட்டி.

ஸ்டோர் வாசலுக்குப் பகதூர் வந்தான். கோபமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, எனக்கு உள்ள போன மாதிரியே இருந்துச்சு. கால் சொல்லுமில்ல. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எம்புட்டு வெளிய போச்சு?"

கையை விரித்துக் காட்டினேன். "ஒரு சாண்."

"ஒரு சாணுதான? அப்ப திருத்திரலாம்." முகம் தெளிந்துவிட்டது அவனுக்கு. நாளை முதல் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு நான் வந்து நிற்க வேண்டுமாம். அந்தப் பந்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தானாம்.

சரி என்றேன்.

மே 16, செவ்வாய்

இரண்டு நாளாகப் போகிறேன். போஸ்டிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளித் தரையில் ஒரு தைலக் குச்சி ஊன்றியிருக்கிறான். ஓடிவருகிற தடத்தை மாற்றிவிட்டான். பாதத்தை வைக்கிற விதத்தையும்.

பந்து இப்போது வளையாமல் நேராக என் கைக்கு வருகிறது. நேற்று பத்தில் ஏழு பிடித்தேன், இன்று எட்டு. பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "ஏலே செல்லையா, ஒனக்கு வயசு திரும்புதாடா!" என்று சிரித்தார்.

முட்டி வீக்கம். ஹோட்டலுக்கு லேட். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மே 18, வியாழன்

நல்ல வெயில். போர்வைகள் ஒருவழியாகக் காய்ந்தன.

காலையில் ஒன்பது பிடித்தேன். பகதூர் புல்லில் உட்கார்ந்துவிட்டான். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திருத்தத் திருத்த மோசமாப் போகுதுண்ணே. நீங்க புடிச்சிர்றீங்க. அன்னிக்கு மட்டும் ஏன் நீங்க பாயல?"

"வெளிய போறது தெரிஞ்சிருச்சு."

இரண்டாவது பொய். முதலாவதைவிட லேசாக வந்தது.

இன்னும் சொல்லாததற்கு நான் வைத்திருக்கும் காரணங்கள்:
ஃபைனல் முடியட்டும்.
டீம்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது.
அவன் எப்படியும் நன்றாக அடிப்பான்.
மூட்டத்தில் எனக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். (தெரிந்தது.)

மே 20, சனி

ஃபைனல். 0–3. மூட்டம் இல்லை, மூன்றையும் ஊரே பார்த்தது. அந்தப் பொய்க்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மழை. ரப்பர் செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று.

மே 23, செவ்வாய்

கூக்காலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ராசாத்தி நேற்று ராத்திரிதான் திரும்பினாள். பூண்டு ஒரு பிடி கட்டு, அவித்த கிழங்கு. இன்று நான் விடிவதற்குள் கிளம்புவதைப் பார்த்து, "எங்க வெள்ளனே?" என்றாள்.

"பகதூருக்குக் கீப்பர் நிக்க."

"எங்க அண்ணன் மகனப் பள்ளிக்கூடத்துல சேக்க ஒரு நடை கூட வாங்கன்னு கூப்பிட்டதுக்கு முட்டி வலின்னீங்க. யாரோ ஒரு பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, "தப்பாப் போச்சுன்னு சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா? அந்தப் பிள்ளை காலைக் கெடுத்துக்கிட்டுல்ல கெடக்கு. வெரசா சொல்லித் தொலைங்க."

காலையில் பத்தும் என் கையில்தான் விழுந்தது. சொல்லவில்லை. பின்னால் பால்காரர் நின்றார்.

மே 26, வெள்ளி

இன்று கட்டாயம் என்று அவன் வீட்டுக்கே போனேன். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறை. நாளைக்குப் போட வெள்ளைச் சட்டை கஞ்சி போட்டுக் கொடியில் தொங்கியது. அவன் தைல அடுப்பிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா மட்டும். உட்கார வைத்துச் சோறு போட்டார். காய்ந்த கீரையில் ஒரு குழம்பு, நல்ல புளிப்பு. நான் வேண்டாம் வேண்டாம் என்றும் இன்னொரு கரண்டி.

தமிழ் அவருக்கு அவர் வழியில்தான் வரும். "நீ நல்லா சாப்பிடு. நீ நல்ல மனுசன். பையன் சொல்லும், செல்லையா அண்ணன் பொய் பேசாது. அதான் பையனுக்குத் தைரியம்."

பகதூர் வந்தான். அவன் அப்பா முன்னால் எப்படிச் சொல்வது. "நல்லா அடி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். நான் ஒரு கோழை. எழுதிப் பார்த்தால் சின்ன வார்த்தையாகத்தான் இருக்கிறது.

மே 27, சனி

முதல் பஸ். ஹோட்டலிலிருந்து ரொட்டி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினேன். வத்தலக்குண்டு வழி மதுரை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், கஞ்சிச் சட்டை கசங்காமல் நிமிர்ந்து. கண்டக்டர் மேலே கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பகதூரு. அன்னிக்குப் பந்து உள்ளதான் போச்சு. வலைக் கிழிசல் வழியா. நான் பொய் சொன்னேன். ஒரு சாண்ங்கிறதும் பொய். நீ பழசு மாதிரியே அடி."

என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். "ரைட்!" என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

ரொட்டிப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

இரண்டு வாரம் தப்பாகப் பழகிய கால், பஸ்ஸில் உட்கார்ந்தபடி மதுரை போவதற்குள் என்ன திருந்தும்? இருபத்தாறாம் தேதி சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலமாவது கிடைத்திருக்கும். பதினாலாம் தேதி சொல்லியிருந்தால் எல்லாமே.

மே 28, ஞாயிறு

டிரில் மாஸ்டர் வீடு. துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

செம்பைக் கீழே வைத்தார். "கப்பு முடிஞ்சுபோச்சு செல்லையா. அதை இனிக் கிளறி என்ன?" உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த வாட்டி மூட்டம் எறங்குனா நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

வீடு வந்து படுத்துவிட்டேன். பகல் முழுக்கத் தூக்கம். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி.

மே 29, திங்கள்

ரூம்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. பதினோராம் நம்பர் அம்மா போகும்போது போர்வை நன்றாக இருந்தது என்றார். ஆச்சரியம்.

மத்தியானப் பஸ்ஸில் பகதூர் இறங்கினான். ஸ்டோருக்கு வந்தான். சட்டையில் சேறு. சாக்கு மேல் உட்கார்ந்தான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"அஞ்சு ஷாட்டு. மொத மூணும் நேரா கீப்பர் கையில. பழசு மாதிரி அடிக்கணும்னுதான் ஓடுனேன். கால் ஒங்க பேச்சத்தான் கேட்டுச்சு. கடைசி ரெண்டுதான் எம் பேச்சக் கேட்டுச்சு."

"ரெண்டும்?"

"உள்ள. ஆனா ரெண்டு பத்தாதாம். தீவாளி கழிச்சு இன்னொரு தடவ வரச் சொல்லிருக்காங்க. அதுவும் கட்டாயம் இல்லையாம், வேற ஆள் கெடைக்கலன்னாத்தானாம்."

மன்னிப்புக் கேட்டேன். சட்டையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினான். அப்பாவிடம் சொன்னாயா என்றேன். "எதுக்கு? அவரு ஒங்கள நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. இருக்கட்டும்."

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "காலைல ஆறு மணி" என்றான்.

மே 30, செவ்வாய்

மேகமே இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து மரம் வரை தெளிவு.

எனக்கு முன்னால் வந்திருந்தான். ஒரு சாண் குச்சியைப் பிடுங்கி எறிந்தான். "நில்லுங்கண்ணே."

அடித்தான். வெளியே போகிற மாதிரி வந்து வளைந்தது. இந்தத் தடவை பாய்ந்தேன். எட்டவில்லை. கிழிசல் வழியாகச் செந்தட்டிக்குள்.

அங்கிருந்தே கூப்பிட்டான். "உள்ளயா வெளியயா?"

அவனுக்கே தெரியும். வெட்ட வெளிச்சம். பால்காரர், குதிரைக்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"உள்ள."

"கேக்கலண்ணே."

"உள்ளடா!"

"பந்த எடுத்துப் போடுங்க."

மறுபடி அடித்தான். மறுபடி கேட்டான். இரண்டு தடவை காலுக்குப் பழைய தப்பு வந்து பந்து என் கைக்கு வந்தது. அப்போது மட்டும் கேட்கவில்லை. மற்ற ஒவ்வொரு தடவையும் கேட்டான், ஒவ்வொரு தடவையும் கத்திச் சொன்னேன். ஏழு மணியாகிவிட்டது. நான் போனபோது சாவிக்காகச் சமையல்காரர் ஸ்டோர் வாசலில் காத்து நின்றார், மானேஜரும் நின்றார்.

தொண்டை கட்டிவிட்டது. முழங்கை வரை செந்தட்டி. நாளைக்கும் ஆறு மணிக்கு.