அடியில் இருந்த எண்

போர்ட்லண்ட், 3 மே 2022

அன்புள்ள லுர்தெஸ்,

உன் அண்ணி செலெஸ்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலைப் பட்டறை முகவரிக்கே போடு. என் மகன் டுவார்த்தைப் போலீஸ் பூங்காவில் ஹெராயினோடு பிடித்தது. கைது இல்லை, கையில் ஒரு சீட்டு மட்டும். போதைப்பொருள் கொஞ்சம் வைத்திருந்தால் சிறை இல்லை என்ற நம் ஊர்ச் சட்டம் இங்கேயும் வந்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டேன். ஆனாலும் என் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அவன் குளியலறைக்குள் போனால் கதவருகே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
அமாதெயு

செதூபல், 14 மே

அன்பு அண்ணா,

பயப்படாதே. அந்தக் காலத்தில் என்னையும் இப்படிப் போதையோடு பிடித்தது மறந்துபோச்சா? சீட்டு கொடுத்தால் நாலைந்து நாளில் போதையிலிருந்து மீட்கும் குழுவிலிருந்து நேரில் வரச்சொல்லித் தபாலில் அழைப்பு வரும். நான் அதைக் கிழித்துப் போட்டேன், மறுபடி அனுப்பினார்கள். கடைசியில் நீதான் கையைப் பிடித்து இழுத்துப்போனாய். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் அவர்களில் ஒரு அம்மாள் முதலில் கேட்டாள். இப்போது அதே அலுவலகத்தில் நான் கோப்பு அடுக்குகிறேன். திட்டி அவனை விரட்டிவிடாதே. அழைப்பு வரட்டும், பொறு.

உன் லுர்தெஸ்

போர்ட்லண்ட், 9 ஜூன்

லுர்தெஸ்,

அழைப்பு வரவில்லை. தினமும் பதினொரு மணிக்கு, செலெஸ்ட் பார்ப்பதற்குள் தபால்பெட்டியைத் திறக்கிறேன். மின்கட்டணமும் பீட்சா விளம்பரமும்தான். அவனிடம் இப்போது மூன்று சீட்டுகள். "என்னடா இது?" என்றேன். "வெறும் அபராதச் சீட்டுப்பா. யாரும் கட்டுறதில்ல, யாரும் கேக்குறதுமில்ல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னை நடுங்க வைக்கிறது. நீ சொன்னபடி பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அமாதெயு

செதூபல், 21 ஜூன்

அண்ணா,

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இங்கே விசாரித்தேன். உங்கள் ஊரில் குழுவும் இல்லை, அழைப்பும் இல்லை. சீட்டின் அடியில் ஒரு போன் எண் இருக்குமாம், உதவி வேண்டுமென்றால் நாமேதான் கூப்பிட வேண்டுமாம். நம் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், கதவைத் தட்டும் ஆளை எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றிலிருந்து ஏழு முறை போன் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். பார்த்த உடனே அந்த எண்ணைக் கூப்பிடு. அவன் கையைப் பிடித்து இழுத்துப்போ. நான் அங்கே வர டிக்கெட் போடுகிறேன்.

லுர்தெஸ்

போர்ட்லண்ட், 2 ஜூலை

லுர்தெஸ்,

நீ போன் செய்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமை அவனை அடக்கம் செய்தோம். குளியலறைக் கதவை நான்தான் உடைத்தேன்.

மூன்று சீட்டுகளும் அவன் சட்டைப்பையில் இருந்தன. அடியில், பொடி எழுத்தில், நீ சொன்ன எண். நேற்று கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். நல்ல குரல். "சொல்லுங்க, உதவி உங்களுக்கா, உங்க வீட்ல யாருக்காவதா?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. டிக்கெட் போடாதே.

இன்றும் பதினொரு மணிக்குத் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

அமாதெயு