கூறு இருபது ரூபாய்

சோளக்காடு, கொல்லிமலை
பிப்ரவரி 8

அன்பு மகள் யமுனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் சுகம், உன் அப்பா நட்டுவிட்டுப் போன மிளகுக் கொடிகளும் சுகம். டெல்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பற்றி இவ்வளவு போதும், மற்றது மனதைப் பற்றியது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், அதனால்தான் கடிதம். முழுவதும் படி.

இந்த வருடம் தை பிறந்ததுமே மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது. நம் தோட்டத்துக்கு மேலே இருக்கும் சின்னுசாமியின் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள், கூலியை உயர்த்தித் தரச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார்கள். அழைத்து வந்தவள் இருசாயி, உன் அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தவள், அவளுக்கு நான் இல்லை என்று சொல்வேனா. மூன்று வருடமாக ஒரே கூலி, சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, இதுதான் மனுவின் சாரம். எழுதியதோடு விடாமல் அவர்களுடன் நானும் போனேன். சின்னுசாமி மரியாதையாக நாற்காலி போட்டார், மனுவை முழுவதும் படித்தார், பிறகு போனை எடுத்து, ஏனுங்க டீச்சரம்மா, விலைவாசி ஏறிப்போச்சுன்னு நீங்க எழுதியிருக்கறீங்க, உங்க புள்ள டிவில வேற மாதிரியல்லங்க சொல்லுது, கொஞ்சம் கேளுங்க என்று போட்டுக் காட்டினார். ஆளுங்கட்சிப் பேச்சாளராக, நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். என் அம்மா இன்றும் கொல்லிமலையில்தான் இருக்கிறார், அவர் போகும் சந்தையில் மூன்று வருடத்துக்கு முன் ஒரு கூறு அவரைக்காய் இருபது ரூபாய், இன்றைக்கும் இருபது ரூபாய்தான், எதிர்க்கட்சி நண்பர் சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வரும்போது இருசாயி மட்டும், உடுங்க டீச்சரம்மா, அத்தன தூரத்துலருந்து பாக்கறப்ப புள்ளைக்கு அப்படித் தெரியுமாட்ட இருக்குது என்றாள். எனக்காக அவள் உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசியது இன்னும் சுட்டது.

தூரத்தில் இருப்பதால் உனக்குத் தெரியவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருப்பேன், ஆனால் உன்னை நான் அல்லவா வளர்த்தேன். நம் சந்தையில் கூறின் விலையை ஏற்றுவது விற்கிறவர்களுக்குக் கூச்சம், வாங்குகிறவர்களும் விலையைப் பேரம் பேசமாட்டார்கள், இன்னும் ஒரு கை அள்ளிப் போடு என்றுதான் கேட்பார்கள். அதனால் விலை நின்ற இடத்திலேயே நிற்கும், சாக்கின் மேல் இருக்கும் குவியல்தான் இளைக்கும். பாவாடை கட்டிய வயதிலேயே நீ இதைக் கண்டுபிடித்து, காய் விற்கும் கண்ணாயியிடம் சண்டை போட்டவள். போன வாரம் இதைவிடப் பெரிசா இருந்துச்சு என்று நீ அடம்பிடிக்க, அவள், டீச்சரம்மா இந்தப் புள்ளைய இனிமேச் சந்தைக்குக் கூட்டியாராதீங்க, எம் பொழப்பு போயிரும் என்று சிரித்து, இந்தா சாமி, நாலு காய் சேத்தி வெச்சிக்கிட்டு வாய மூடிக்க என்று கொடுப்பாள். படித்து முடித்த பிறகு நீயே எனக்கு விளக்கவும் செய்தாய், அரசாங்கக் கணக்குக்கு விலை எழுத வருகிறவர்கள் கூறைக் கேட்டு எழுதிக்கொண்டு போகமாட்டார்கள், எடை போட்டுக் கிலோவுக்கு என்ன விலை என்றுதான் எழுதுவார்கள் என்று. ஆக, தெரியாமல் சொல்லவில்லை. அறியாமையை நான் மன்னிப்பேன், இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நிகழ்ச்சியை முழுவதும் பார்த்தேன். பணவீக்கம் குறைந்திருக்கிறது என்று நீ சொன்னாய், சரி. அப்படியென்றால் விலை குறைந்திருக்கிறது என்று நிகழ்ச்சியை நடத்திய தம்பி சொன்னபோது நீ ஏன் திருத்தவில்லை? அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து ஏறி வரும் பஸ் கொண்டைஊசி வளைவில் வேகத்தைக் குறைத்தால் அது மலை இறங்குகிறது என்று யாராவது சொல்வார்களா, மெதுவாக ஏறினாலும் ஏறுகிறது என்றுதானே பொருள். போன வருடம் காய்கறி எகிறிக் கிடந்த மாதத்தோடு ஒப்பிட்டு நீ பேசினாய், எதிரில் இருந்தவர் காய்கறி மலிந்து கிடந்த மாதத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டார், இரண்டு பேரும் ஒரே கணக்கில் இருந்து உங்களுக்கு வேண்டிய மாதத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டீர்கள். உணவையும் எரிபொருளையும் நீக்கிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று ஒரு இடத்தில் சொன்னாய். அதற்கு ஒரு காரணம் இருக்கும், அவை அடிக்கடி ஏறி இறங்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் இருசாயிக்கு நான் அதைச் சொன்னபோது, சோத்தையும் அடுப்பையும் எடுத்துப்போட்டா எங்கூட்டுல அப்பறம் என்னங்க இருக்குது, பூனதான் இருக்குது என்றாள். அவள் கூலியில் பாதிக்கு மேல் அரிசிக்கும் எண்ணெய்க்கும் போகிறது, உன் சம்பளத்தில் எவ்வளவு போகிறது என்று நீயே பார்த்துக்கொள். இரண்டு வீட்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் வருகிற எண் எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

அன்று சாயந்திரம் போன் செய்தபோது, அது ஒரு உதாரணம்தானே அம்மா, அரசியலில் அப்படித்தான் பேச வேண்டும் என்றாய். நான் உதாரணம் இல்லை யமுனா. கான்வென்ட்டில் படித்த நாள் முதல் இந்த மலையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நாள் வரை என் பெயர் ஒரு பொய்க்கும் சாட்சியாக நின்றதில்லை. அடுத்த வாரமே எதிர்க்கட்சிக்காரர்கள் கேமராவோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள், உன் பேச்சு பொய் என்று நான் சொல்ல வேண்டுமாம். உங்கள் ஆட்சியில் நீங்களும் இதையேதான் செய்தீர்கள், மோர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டேன். பெற்ற பிள்ளையை ஊர் சிரிக்க விடமாட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. போன சந்தையில் கண்ணாயியிடம் ஒரு கூறு அவரைக்காய் வாங்கி, அப்படியே பையோடு கொண்டுபோய் சின்னுசாமியின் மிளகுத் தராசில் வைத்தேன். கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூன்று வருடத்துக்கு முன் இதே கூறு அரைக்கிலோவுக்குக் குறையாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவர் வீட்டுக்கும் கண்ணாயியிடம்தான் காய் போகிறது. அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்ப உங்க புள்ள பொய் சொல்லுதுங்களா டீச்சரம்மா என்று கேட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். இருபது ரூபாய் என்பது நிஜம், அதை வைத்து அவள் சொன்னது பொய் என்றேன். கேமராவுக்குச் சொல்ல மறுத்ததை அங்கே சொல்ல வேண்டியதாகிவிட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். மாசிக்குள் முடிவு சொல்கிறேன் என்றார். கூலியை உயர்த்துவாரோ மாட்டாரோ, உன் பேச்சைக் காட்டி இனி மறுக்க முடியாது.

சளி பிடித்தால் மாத்திரையைத் தேடாதே, அனுப்பியிருக்கும் மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி. மாப்பிள்ளையை வெறும் காபியோடு வேலைக்கு அனுப்பாதே. இனி எந்த மேடையிலும் என்னைப் பற்றிப் பேசாதே, நல்லவிதமாகக்கூடப் பேசாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலில் மட்டும் நான் எதையும் குறைக்கவில்லை, தீர்க்காயுசாக இரு. பங்குனியில் வரும்போது வீட்டுக்கு நேரே வராதே, சந்தையில் இறங்கு. ஒரே ஒரு இருபது ரூபாய் நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கண்ணாயி முன்னால் போய் நில், அவள் தருவதை வாங்கிக்கொண்டு வா. குழம்பை நான் வைக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் போதுமா என்று உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாவாயி அர்த்தனாரி