பெட்டிக்குள் எட்டாத ஒயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.6.1992

சவூதியில், தம்மாமில் இருக்கும் தம்பி பீர் மைதீனுக்கு அக்கா நூர்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பூசி வெள்ளையடித்த சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே நின்று எப்படி அறிவது? பௌதிகம் படித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் நீ கட்டிய வீட்டுக்கு உன் மனைவி நூர்பானுவும் மகள் அசீனாவும் குடிபோய்விட்டார்கள். நேற்று பார்க்கப் போனேன். அசீனாவின் கட்டிலோரம் இருக்கும் பிளக் பாயின்டைத் தொட்டால் சுடுகிறது. நூர்பானு இஸ்திரிப் பெட்டியையும் அதில்தான் போடுகிறாள்.

நீ வேலை பார்க்கும் இடத்தில், சுவருக்குள் பதிக்கும் ஒவ்வொரு பிளக் பெட்டிக்கு வெளியேயும் ஒரு சாண் ஒயர் விடாவிட்டால் வேலையை ஏற்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வயர்மேன் வேல்சாமிக்கு அதை அப்போதே வாசித்துக் காட்டினேன். "தொங்க விட்டா அது வேலையாம்மா? கோழிக் குடலு மாதிரில்ல கெடக்கும்" என்று சிரித்தார். சுவரின் வெளிப்பக்கம் மரக்கட்டை அடித்து, ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டியே பெயர் வாங்கியவர். சுவருக்குள் பதிப்பது அவருக்குப் புதிது. பெட்டி விளிம்போடு நறுக்கிவிட்டார். பூச்சு கனமானதும் ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. துண்டு ஒயரை முறுக்கி ஒட்டுப்போட்டு மூடியிருக்கிறார் என்று கொத்தனார் சொன்னார். அந்த ஒட்டுதான் சூடேறுகிறது என்று நினைக்கிறேன்.

நூர்பானுவிடம் சொன்னேன். "மைனி பெறந்த அன்னைக்கே பெத்தவகிட்ட சாட்சி கேட்டிருப்பாக. புது வீடுல்ல, கொஞ்ச நாள் சூடாத்தான் இருக்கும்" என்கிறாள். நான் சொன்னால் நாத்தனார் குணம் என்றாகிவிடுகிறது. நீ சொன்னால் கேட்பாள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை அதில் எதையும் சொருக வேண்டாம் என்று ஒரு தந்தி கொடு. பிள்ளை அங்கேதான் படுக்கிறாள்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

அக்கா,
நூர்னிசா

13.6.1992

நேற்று எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. இனித் தந்தி வேண்டாம்.

இன்று மத்தியானம் நூர்பானு இஸ்திரி போடும்போது பிளக் வெடித்துக் கொசுவலையில் தீப்பிடித்தது. உள்ளே அசீனா தூங்கிக்கொண்டிருந்தாள். நூர்பானு வெறுங்கையால் வலையைப் பிய்த்து அவளை வெளியே எடுத்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாயின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, இருவரையும் இங்கே கூட்டி வந்துவிட்டேன்.

பெட்டியில் மிஞ்சிய ஒயரை இத்துடன் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை; உன் விரலோடு அளந்து பார்.

உன் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது, எதிர்வீட்டுச் சுவரில் வேல்சாமி புதுப் பெட்டி பதித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே, கையில் இருந்த ஒயரை விறைப்பாக இழுத்து, விளிம்போடு நறுக்கினார்.