கழுவும் புட்டியில் மாற்றாத தண்ணீர்

என் அன்பு மும்தாஜ் அக்காவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறேன், சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்க்கிறேன், உங்கள் பேகம்பூர் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் ஆசிட் சுத்தமாகவே பாட்டிலில் வந்துவிடுகிறது. நாம் இருவரும் லேப் உதவியாளர்களாகச் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் கடையில் கிடைத்தது இரும்புக் கறையோடு மஞ்சளாக இருக்கும். அதனால் நம் லேபிலேயே உப்பில் கந்தக அமிலத்தை விட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்தோம். வருகிற வாயுவோடு கந்தக அமிலமும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் நடுவில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கழுவும் புட்டி. ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அதில் சேர்ந்துபோன கந்தக அமிலமே வாயுவோடு கிளம்பி நாம் செய்யும் ஆசிட்டில் கலந்துவிடும். அவ்வளவுதான் என் வேலை.

நான் கொட்டவில்லை. திண்டுக்கல்லில் பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம். காய் கழுவின தண்ணீரில் பாத்திரம் விளக்கி, அதையும் வாழைக்கு ஊற்றிப் பழகின கை. பார்க்கத் தெளிவாக இருந்த தண்ணீரைச் சாய்க்க மனசு வரவில்லை. நீங்கள் கேட்கத்தான் செய்தீர்கள்.

"ஏண்டி அமலி, தண்ணிய மாத்துனியா?"

"மாத்திட்டேன்க்கா" என்றேன்.

செய்முறைத் தேர்வில் அந்த அமிலத்தை விட்டு பேரியம் குளோரைடு சேர்த்த பிள்ளைகள் எல்லாருக்கும் வெள்ளையாக வீழ்படிவு இறங்கியது. சல்பேட் இருந்தால்தான் அப்படி இறங்கும். கொடுத்த உப்பில் இல்லாத சல்பேட்டை அத்தனை பேரும் எழுதிவைத்தார்கள். தேர்வை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். யார் செய்த ஆசிட் என்று தலைமையாசிரியை கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தான் டீச்சர். கவனிக்காம விட்டுட்டேன்."

வெளியே வந்ததும், "உனக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகலடி, பேசாம இரு" என்றீர்கள். மறுவாரமே உங்களைப் பழைய பதிவேடுகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை லேப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்போதாவது நான் ஏன் சொல்லவில்லை? நீங்களும் ஏனக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?

உங்களை அடக்கம் செய்த மறுநாள் உங்கள் மகள் பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னம்மா, அம்மா லேபுல அப்படி என்னதான் தப்பு பண்ணுச்சு? கேட்டா சிரிச்சு மழுப்பிரும்."

"எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். தண்ணீரை மாற்றிவிட்டேன் என்ற பழைய பொய்யை இத்தனை வருடம் சுமந்ததே போதும் போதும் என்றிருந்தது. அதன் மேல் இன்னொன்று.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பேகம்பூர் போகிறேன் அக்கா. உன் அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை, செய்தது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சின்னம்மா என்று கூப்பிடாமல் போனாலும் சரி.

இப்படிக் கையெழுத்துப் போட உரிமை இருக்கிறதா என்று தெரியாத,
உங்கள் தங்கச்சி
அமலி