கொரின் விதி

பிப்ரவரி 3, டவுன்ஸ்வில்

மழை. ஐந்து கார்பன் சங்கிலியுள்ள புரோமைடின் வினைவேகத்தை அளந்து முடித்தேன். நான்கை விட மெதுவாக; நான்கு, மூன்றை விட மெதுவாக. வாரத்துக்கு ஒன்று அளக்கிறேன். சங்கிலி நீள நீள, அசைடு அயனி வந்து புரோமைடைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கத் திணறுகிறது. மூன்று கார்பனுக்கு மேல் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்கின்றன பாடநூல்கள். பாவம், பாடநூல்கள்.

பிப்ரவரி 17

ஏழு கார்பன். இன்னும் மெதுவாக. கண்ணாடி முன் நின்று, என் பெயரை வைத்து "கொரின் விதி" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19

எதிர் மேசை கிலா வாகி — போர்ட் மோர்ஸ்பியில் பன்னிரண்டு வருடம் வேதியியல் ஆசிரியர், இப்போது என்னைப் போல ஆய்வு மாணவர் — அதே ஐந்து புரோமைடுகளையும் ஒரே நாளில் அளந்துவிட்டார். எல்லாம் ஒரே வேகம்.

"தராசை ஒரு தடவை பாத்துக்கங்க, கிலா," என்றேன், மிகுந்த கருணையோடு.

"பாத்தாச்சு. நீ என்னோட கரைப்பானை வச்சு ஒரு தடவை பண்ணிப் பாரேன்."

நேரமில்லை என்றேன். விதி எழுதுகிறவனுக்கு நேரம் ஏது?

பிப்ரவரி 23

"ரெண்டு பேர் அளவும் ஏன் ஒத்துப்போகல?" என்று பேராசிரியர் இனெஸ் கேட்டார். கிலாவின் அளவை நம்ப முடியாது என்றேன். பிரிஸ்பேன் மாநாட்டுக்கு என் பெயர் மட்டும் போயிற்று.

மார்ச் 4

வரைபடம் அழகாக வரட்டுமே என்று மூன்று கார்பனை மறுபடி அளந்தேன். எட்டு கார்பனை விட மெதுவாக வந்தது. மறுபடியும் அளந்தேன். அதே.

நீளம் இல்லை. தேதி. இத்தனை வாரமாக நான் அளந்தது கார்பனை இல்லை, காலண்டரை.

மார்ச் 5

என் கரைப்பானான டைமெத்தில் சல்பாக்சைடின் பெருமையே, அது அசைடைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான். தண்ணீர் அப்படியில்லை, வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள் மாதிரி சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும், நகர விடாது. இந்தக் கரைப்பானோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலாமாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துபவன் யார்? நான்தான்.

பாட்டில் மூடியை நான் திருகுவதில்லை. மேலே வைப்பதோடு சரி. மழைக்காலம் வேறு. ஈரம் அளக்கும் கருவியில் போட்டேன். நூற்றுக்கு நான்கு பங்கு தண்ணீர்; வாராவாரம் ஏறியிருக்கிறது.

யாருக்கும் தெரியாது. பாட்டிலைக் காலி பண்ணிட்டா — கை அதன் மேலேயே இருந்துச்சு. அவ்வளவு நேரம் என்னடா யோசிச்ச?

மார்ச் 6

இனெஸிடம் சொன்னேன்.

"அப்ப கிலா அளந்தது?"

"எல்லாம் சரி. நான்தான் பாக்காமலே தப்புன்னு சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

இல்லை. போய்ச் சொன்னேன். கிலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பன்னெண்டு வருஷம் பசங்களுக்கு எடை போடச் சொல்லிக்கொடுத்தவன் நான்," என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 11

மாநாட்டுப் பேச்சின் தலைப்பு மாறிவிட்டது: கரைப்பானில் கலந்த ஈரமும் பதிலீட்டு வினையின் வேகமும். பேசுபவர் கிலா வாகி. அவர் தண்ணீரைத் துளித்துளியாகக் கலந்து வேகத்தை அளக்கிறார். எனக்குக் குடுவை கழுவும் வேலை. நன்றாகவே கழுவுகிறேன்.

மார்ச் 20

கழுவினேன்.

ஏப்ரல் 16, பிரிஸ்பேன்

கிலா தெளிவாகப் பேசினார். கடைசியில் ஒருவர், "இதை ஆராயணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல மழை ஜாஸ்தி," என்றார் கிலா.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். எழுந்து, "மூடியைச் சரியா மூடாதது நான்தான். அவர் அளவைத் தப்புன்னு சொன்னதும் நான்தான்," என்றேன். அரங்கம் சிரித்தது. கிலா சிரிக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடி நின்றேன். கிலா நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.